பிள்ளைக்குத் திடீர் வயிற்றுவலி: திருகோணமலைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகள் வார்டில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகும் கேள்விகள் நின்றபாடில்லை. உப்புவெளியிலிருந்தோ பாலையூற்றிலிருந்தோ இரவு பத்து மணிக்குப் பிறகு தொலைபேசி அடித்தால், அநேகமாக அது ஒரு பிள்ளையின் வயிற்றுவலி பற்றித்தான் இருக்கும். கேட்கிறவர்கள் வேறு வேறு, கேள்விகள் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு நோயின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை உங்களுக்கும் இல்லை. எது விடியும்வரை காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கவும், டொக்டர் கேட்கும்போது நடந்ததை ஒழுங்காகச் சொல்லவும் இது உதவினால் போதும்.

பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மணிக்கூட்டைப் பாருங்கள். வலி தொடங்கிய நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு நடப்பதையும் அதே தாளில், நடந்த வரிசையிலேயே எழுதுங்கள். முதலில் வந்தது வலியா, சத்தியா? காய்ச்சல் வலிக்கு முன்பா, பின்பா? கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது வெளிக்குப் போனது, எப்போது சலம் போனது?

இந்த வரிசையில்தான் பாதி விடை இருக்கிறது. வலி முதலில் வந்து, சில மணித்தியாலம் கழித்துச் சத்தி வந்தால் குடல்வால் அழற்சி போன்ற, சத்திரசிகிச்சை தேவைப்படும் நோய்களை நினைக்க வேண்டும். சத்தியும் வயிற்றோட்டமும் முதலில் வந்து, அதன்பிறகு வயிறு முறுக்கினால் பெரும்பாலும் குடல் தொற்று. எப்போதும் பிழைக்காத விதி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் டொக்டர்மார் முதலில் கேட்பது இதைத்தான்.

தம்பலகாமத்துப் பக்கமிருந்து பேரனைக் கூட்டிவந்த ஒரு அம்மம்மாவை நான் மறக்கவில்லை. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: பின்னேரம் நாலு மணி, தொப்புளடியில் நோ. ஆறு மணி, சோறு வேண்டாம் என்றான். ஒன்பது மணி, சத்தி ஒருமுறை. விடிய, வலப்பக்கம். டொக்டர் அதை வாசித்துவிட்டு, வயிற்றில் கைவைக்கும் முன்பே சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அறிவிக்கச் சொன்னார். பெரிய படிப்பு படித்தவர் இல்லை அந்த அம்மம்மா. பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருந்தார், அவ்வளவுதான்.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாமா? எப்படி?

பார்க்கலாம், மெதுவாக. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். "எங்கே நோகிறது, ஒரு விரலால் காட்டு" என்று கேளுங்கள். காட்டிய இடத்தைக் கடைசியாகத் தொடுங்கள், மற்றப் பக்கத்தில் இருந்து தொடங்குங்கள். தொடும்போது வயிற்றைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். வாய் "நோகவில்லை" என்று சொன்னாலும் முகம் சுருங்கிவிடும்.

முழுக் கையாலும் தொப்புளைச் சுற்றித் தடவிக் காட்டும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பாரதூரமான நோய் இருப்பதில்லை. தொப்புளைவிட்டுத் தள்ளி ஒரே இடத்தை ஒரு விரலால் காட்டினால் கவனம் கூட வேண்டும். 1950களில் பிரிஸ்டல் நகரில் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்த ஜோன் அப்லி என்ற பிள்ளைநல மருத்துவர் சொன்னது இது. அடிக்கடி வந்துபோகும் வயிற்றுவலி பற்றித்தான் அவர் அப்படிச் சொன்னார். திடீர் வலிக்கும் உதவும், ஆனால் ஒரு விலக்கு உண்டு. குடல்வால் வலியே தொப்புளடியில்தான் தொடங்கும்.

இன்னொன்று: எழுந்து நின்று ஒருமுறை துள்ளச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டு துள்ளுகிற பிள்ளையை வீட்டில் வைத்து இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம். துள்ள மறுத்தால், அல்லது துள்ளியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், வயிற்றின் உள்ளுறை அழற்சி அடைந்திருக்கலாம். வரும் வழியில் ஓட்டோ பள்ளத்தில் விழுந்தபோது கத்தினானா என்று டொக்டர் கேட்பதும் இதற்காகத்தான்.

எப்போது ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது?

பச்சை நிறமாகச் சத்தி எடுத்தால். மலத்தில் இரத்தம் இருந்தால். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தால், அல்லது வீங்கி, காற்றும் மலமும் போகாமல் இருந்தால். பிள்ளை வெளிறி, கைகால் குளிர்ந்து, கூப்பிட்டால் சோர்வாகக் கண்ணைத் திறந்து மூடினால். அரைப்பக்கத்திலோ விதையிலோ வீக்கம் இருந்தால். மூச்சு வேகமாக வாங்கினால். ஆறு எட்டு மணித்தியாலமாகச் சலம் போகாவிட்டால். விழுந்து அடிபட்ட பிறகு வயிறு நொந்தால். வலியால் நித்திரையிலிருந்து எழும்பி அழுதால்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், வலி விடாமல் நான்கைந்து மணித்தியாலம் தொடர்ந்தால் காட்டுங்கள். "இது என் பிள்ளை வழக்கமாக அழும் அழுகை இல்லை" என்று தாயின் மனம் சொன்னாலும் காட்டுங்கள். வார்டில் நாங்கள் அந்தப் பேச்சை ஒருநாளும் தட்டிவிட்டதில்லை.

எங்கே கொண்டுபோவது? நாங்கள் நகரத்தில் இல்லையே.

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் அதை அழையுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் பிள்ளையை முதலில் பார்த்து, நிலைப்படுத்தி, தேவையென்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். புல்மோட்டையில் இருந்து நகரம் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். நேரே நகரத்துக்கு ஓடுவதைவிட அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக்கொண்டு வருவது பல பிள்ளைகளுக்கு நல்லது.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, 'பாதை' என்கிற மிதவைப் படகு வரும்வரை துறையில் காத்திருந்துதான் அக்கரைப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். இப்போது சில நிமிடத்தில் பாலத்தைக் கடந்துவிடலாம். ஆனால் வீட்டிலேயே "விடியட்டும் பார்ப்போம்" என்று கழிகிற மணித்தியாலங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கிளம்பும்போது பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு, குடுத்த மருந்துகளின் போத்தல், நீங்கள் எழுதிய தாள் மூன்றையும் எடுங்கள். பச்சைச் சத்தியோ இரத்தம் கலந்த மலமோ என்றால் துணியையோ பம்பர்ஸையோ ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். வலி கடுமை என்றால் சாப்பாடு கொடுக்காமல் கூட்டிப்போங்கள். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வெறும் வயிறாக இருக்க வேண்டும்.

குடல்வால் அழற்சியா என்று எப்படித் தெரியும்?

பெற்றோர் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். பயத்தில் நியாயமும் இருக்கிறது. பத்து வயதிலிருந்து இருபது வயதுக்குள் கூடுதலாக வரும். பாடப்புத்தகத்தில் உள்ளபடி வந்தால் கதை இப்படி இருக்கும்: தொப்புளைச் சுற்றி மந்தமான வலி. சாப்பாட்டில் மனமில்லை. பிறகு ஓங்காளம், ஒன்றிரண்டு சத்தி. இலேசான காய்ச்சல். பல மணித்தியாலத்தில் வலி இறங்கி வயிற்றின் வலது கீழ்ப்பக்கத்தில் போய் நிற்கும். பிள்ளை வலது காலை மடக்கிக்கொண்டு படுக்கும், நடந்தால் குனிந்து நடக்கும், இருமினால் நோகும். முறுக்குவலி மாதிரி துடித்துப் புரளாது. அசையாமல் கிடக்கும். இந்த அசையாமல் கிடப்பதைத்தான் நாங்கள் தூரத்தில் இருந்தே கவனிப்போம்.

எல்லாப் பிள்ளைக்கும் பாடப்புத்தகம் பொருந்தாது. குடல்வால் இடுப்புக் குழிக்குள் தொங்கினால் சலம் போகும்போது எரிவும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக இளகிய மலமும் வரும். வயிற்றோட்டம் என்று நினைத்து ஏமாறும் இடம் அது. ஐந்து வயதுக்குக் கீழே இந்த நோய் குறைவு. ஆனால் வந்தால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, கண்டுபிடிக்கும்போது பல நேரம் குடல்வால் வெடித்திருக்கும். அந்த வயதுப் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு, நடக்க மறுத்து, தூக்கினால் சிணுங்கினால் சளிக்காய்ச்சல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கடுமையாக இருந்த வலி திடீரென்று குறைந்து, பிள்ளை கொஞ்ச நேரம் நிம்மதியாகத் தூங்கி, பிறகு வயிறு முழுக்க நோகத் தொடங்கினால் அது சுகமான அடையாளம் இல்லை. குடல்வால் வெடித்திருக்கலாம்.

ஒன்பது மாதக் குழந்தை வீரிட்டு அழுகிறது, பிறகு அடங்குகிறது, திரும்பவும் அழுகிறது. வாய்வா?

பிறந்து மூன்று மாதத்துக்குள், பின்னேரங்களில் அழுது, மற்ற நேரம் நன்றாகப் பால் குடித்து எடை கூடும் குழந்தைக்கு அது பெரும்பாலும் வாய்வு அழுகைதான். மூன்று மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் நீங்கள் சொல்வதுபோல் விட்டுவிட்டு வீரிட்டால் குடல் சொருகலை நினைக்க வேண்டும். தொலைநோக்கிக் குழாய் ஒன்றுக்குள் ஒன்று போவதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் போய் மாட்டிக்கொள்வது அது. சில நாட்களுக்கு முன்பு சளியோ வயிற்றோட்டமோ வந்திருக்கும் பல குழந்தைகளுக்கு.

அடையாளம் இதுதான்: திடீரென்று அலறி, இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கி, வெளிறிப்போகும். சில நிமிடத்தில் அடங்கும். பதினைந்து இருபது நிமிடத்தில் திரும்ப வரும். தொடக்கத்தில் இடைவேளைகளில் குழந்தை சாதாரணமாகவே இருக்கும், விளையாடக்கூடச் செய்யும். அதனால்தான் வீட்டுக்காரர் ஏமாறுகிறார்கள். நேரம் போகப்போக இடைவேளையிலும் சோர்ந்து கிடக்கும், சத்தி பச்சையாகும். இரத்தமும் சளியும் கலந்து செந்நிற ஜெலி மாதிரி மலம் போவது பிந்தி வரும் அடையாளம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நேரத்தோடு வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வெட்டாமலே, மலவாசல் வழியாகக் காற்றோ சேலைனோ அழுத்திச் செலுத்தி, சொருகிய குடலைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம். பிந்தினால் குடல் அழுகி, அந்தப் பகுதியை வெட்ட வேண்டிவரும்.

கைக்குழந்தை பச்சைச் சத்தி எடுத்தால், வேறு எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும், குடல் முறுக்கிக்கொண்டதாகவே நினைத்து ஓடுங்கள். சில மணித்தியாலத்தில் முழுக் குடலும் போய்விடக்கூடிய ஆபத்து அது. அழுகிற குழந்தையின் உடுப்பை முழுவதும் கழற்றி அரைப்பக்கத்தைப் பார்க்கவும் மறக்க வேண்டாம். உள்ளே தள்ள முடியாமல் இறுகிய குடலிறக்கம் அங்கே புடைத்திருக்கலாம். கால்விரலில் தலைமுடி சுற்றி இறுகி, அதற்காக அழுத குழந்தையையும் பார்த்திருக்கிறேன்.

மகனுக்குப் பதின்மூன்று வயது. அடிவயிறு நோகிறது என்கிறான், வேறொன்றும் சொல்கிறான் இல்லை.

விதையைப் பார்த்தீர்களா? இதைக் கேட்டால் தாய்மார் தயங்குவார்கள், தகப்பன்மார் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். விதை தன் நரம்பிலேயே முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுபோகும் நோய் ஒன்று உண்டு. வலி அடிவயிற்றில் தெரியும், சத்தியும் வரும். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். அதன்பிறகு வாய்ப்பு வேகமாகக் குறையும்.

ஒரு பையன் இரவு முழுவதும் "வயிறு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறான். வெட்கம். காலையில் வார்டுக்கு வந்தபோது ஒரு பக்கம் வீங்கிச் சிவந்திருந்தது. அந்த விதையை எடுக்கத்தான் வேண்டிவந்தது. "சொன்னால் ஏசுவார்கள் என்று நினைத்தேன் மிஸ்" என்றான். உங்கள் மகனிடம் வலி வரமுதலே ஒருநாள் சொல்லிவையுங்கள்: அங்கே நொந்தால் உடனே சொல்ல வேண்டும், யாரும் ஏச மாட்டார்கள் என்று. ஆஸ்பத்திரியில் டொக்டர் அங்கே பார்க்க வேண்டும் என்றால் தடுக்காதீர்கள்.

மகளுக்கு?

பெரியபிள்ளை ஆகியிருந்தால் கடைசி மாதவிடாய்த் திகதியை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று கடுமையாகப் பிடித்துச் சத்தியும் எடுத்தால் சூலகம் முறுக்கியிருக்கலாம். இது பெரியபிள்ளை ஆகாத சிறுமிக்கும் வரும், அவசரமானது. வயது வந்தும் மாதவிடாய் வராமல், ஒவ்வொரு மாதமும் சில நாள் அடிவயிறு நொந்தால் அதையும் டொக்டரிடம் காட்ட வேண்டும். இரத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்குவது அதற்கு ஒரு காரணம். டொக்டர் மகளோடு சிறிது நேரம் தனியாகப் பேச விரும்பினால் இடம் கொடுங்கள்.

காய்ச்சலும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் டெங்குவா?

மாரிமழை தொடங்கி தை மாதம்வரை எங்கள் பக்கத்தில் இதை முதலிலேயே நினைக்க வேண்டும். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது இந்த மாவட்டம் பட்ட பாட்டை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

டெங்குவில் வயிற்றுவலி சும்மா ஒரு உபாதை இல்லை, எச்சரிக்கை. காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையத் தொடங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். அந்த நேரத்தில் ஈரல் பக்கம் நோகும், சத்தி நிற்காது, சலம் குறையும், பிள்ளை சோர்ந்துவிடும். "காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று வீட்டில் நிம்மதி அடையும் அந்த ஒன்று இரண்டு நாள்தான் ஆபத்தான நாள். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் எஃப்.பி.சி. என்கிற, இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை செய்யுங்கள். வயிறு நொந்தால் ரிப்போட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்க வேண்டாம். இபுபுரோபன், டைக்குளோபெனக், மெஃபெனமிக் அசிட் இரத்தக்கசிவைக் கூட்டும். சிவப்பு, மண்ணிறப் பானங்களையும் தவிருங்கள். சத்தி எடுத்தால் இரத்தமா நெக்டோச் சோடாவா என்று தெரியாமல் போகும்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வந்த வலி என்றால்?

திடீர் வயிற்றுவலிகளில் மிகப் பெரிய பங்கு இதற்குத்தான், பெரும்பாலும் தானாகவே சுகமாகும். வெருகல் திருவிழாவுக்குப் போய்க் கண்ட இடத்துத் தண்ணீர் குடித்தது, பெருநாள் அன்று வட்டிலப்பமும் புரியாணியும் மாறி மாறிச் சாப்பிட்டது, உப்பும் தூளும் போட்ட மாங்காயை ஒரு பை தின்றது எல்லாம் இதில் அடங்கும். முறுக்கி முறுக்கி நோகும், வெளிக்குப் போனதும் கொஞ்சம் குறையும்.

மருந்து ஜீவனி என்கிற உப்புச்சீனிக் கரைசல் தூள்தான். பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பக்கெட்டையும் கரையுங்கள். பாதிப் பக்கெட்டை ஒரு கிளாஸில் கண்மதிப்பில் கரைப்பது பிழை. ஒவ்வொரு வயிற்றோட்டத்துக்குப் பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேலே 100 முதல் 200 மில்லிலீற்றர். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டியால் மெதுவாகத் திரும்பத் தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கஞ்சி, இடியப்பம், மசித்த சோறு கொடுக்கலாம். வயிற்றோட்டத்தை நிறுத்தும் பெரியவர்களின் குளிசையைப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. இரத்தமும் சளியுமாக வயிற்றுக்கடுப்பு என்றால் டொக்டர் பார்க்க வேண்டும்.

கடற்கரை ஊர் என்பதால் மீன் பற்றி ஒரு வார்த்தை. வெயிலில் கிடந்த சூரை மீனைச் சாப்பிட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, உடம்பு கடித்து, வயிறு நொந்தால் அது மீனில் ஊறிய ஹிஸ்டமின். சமைத்தாலும் அது அழியாது. பேத்தை மீன் சாப்பிட்ட பிள்ளைக்கு உதடு, நாக்கு விறைத்தால் 1990க்கு அழையுங்கள், ஒரு நொடியும் பொறுக்க வேண்டாம்.

பூச்சியாக இருக்குமோ? பூச்சிக் குளிசை கொடுக்கட்டுமா?

வலி நேரத்தில் வேண்டாம். ஒழுங்காகப் பூச்சி மருந்து கொடுப்பது நல்லது, உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டு அதற்குரிய காலத்தில் கொடுங்கள். ஆனால் திடீர் வலிக்கு நாங்கள் பூச்சியைக் காரணம் சொல்கிற அளவுக்குப் பூச்சி காரணமாக இருப்பதில்லை. பேதி மருந்தும் ஆமணக்கெண்ணெயும் அறவே கூடாது. அழற்சியான குடல்வாலோடு பேதிக்குக் கொடுத்தால் அது வெடிக்கக்கூடும்.

இத்தனை சொன்னீர்கள், மலச்சிக்கல் பற்றிச் சொல்லவில்லையே.

உண்மையில் ஓ.பி.டி.க்கு (வெளிநோயாளர் பிரிவுக்கு) வயிற்றுவலி என்று வரும் பள்ளிப் பிள்ளைகளில் ஏராளமானவர்களுக்கு இதுதான். பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் போகப் பிடிக்காமல் அடக்குகிறார்கள். தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பி வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இன்னும் மோசம். "தினமும் போகிறான்" என்று தாய் சொல்வார், ஆனால் ஆட்டுப்பிழுக்கை மாதிரி கொஞ்சம்தான் போயிருக்கும். சில பிள்ளைக்கு இறுகிய மலத்தைச் சுற்றி நீர் கசிந்து உடுப்பு அழுக்காகும், அதை வயிற்றோட்டம் என்று நினைத்து மருந்து கொடுப்பார்கள். வலி இடது கீழ்ப்பக்கத்திலோ தொப்புளடியிலோ வந்துபோகும், துடிக்கும் அளவுக்குக் கடுமையாகவும் இருக்கலாம். காய்ச்சல் இராது, துள்ளச் சொன்னால் துள்ளும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் உட்காரவிடுங்கள், கால் தொங்காமல் கீழே ஒரு பலகை வையுங்கள். பழம், கீரை, தண்ணீர். மருந்து தேவையென்றால் டொக்டர் பல வாரத்துக்குத் தருவார். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள்.

கொதிக்கு (சாப்பாட்டில் பட்ட கண்ணூறுக்கு) பார்த்தோம், குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வழித்தோம். பிழையா?

தண்ணீர் ஓதிக் கொடுப்பதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. நம்பிக்கை உள்ளவர் செய்யட்டும், ஆனால் அதோடு நேரத்தையும் பாருங்கள். வயிற்றை அழுத்தி வழிப்பதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். குடல் சொருகலோ குடல்வாலோ இருந்தால், அழுத்தும் ஒவ்வொரு விரலும் ஆபத்து. ஓமத்தண்ணீரோ இஞ்சித் தண்ணீரோ, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, துள்ளி விளையாடும் நிலையில் இருந்தால், ஒரு வாய் கொடுப்பதில் தப்பில்லை.

பனடோல் கொடுத்தால் நோயை மறைத்துவிடுமா?

மறைக்காது. முன்பு அப்படி நினைத்தார்கள். வலி குறைந்த பிள்ளை அமைதியாகக் கிடப்பதால் டொக்டருக்குச் சோதிப்பது இலகு. பரசிற்றமோல் ஒரு தடவைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். அதாவது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 7.5 மில்லிலீற்றர். போத்தலில் உள்ள அளவைப் பார்த்துக் கணக்கிடுங்கள், எல்லாப் பாணியும் ஒரே செறிவு இல்லை. எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

வயிறு நோகிறது, ஆனால் நோய் வயிற்றில் இல்லை என்று டொக்டர் சொன்னார். அது எப்படி?

பல பிள்ளைகளுக்கு அப்படித்தான். நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தால் மேல் வயிறு நோகும். மூச்சு வேகம்தான் காட்டிக்கொடுக்கும். தொண்டைப் புண்ணும் வயிற்றைப் பிடிக்கும், சிறு பிள்ளை தொண்டையைச் சொல்லாமல் வயிற்றைத்தான் சொல்லும். சளிக்காய்ச்சலுக்குப் பிறகு குடலடி நிணநீர்க் கணுக்கள் வீங்கி, குடல்வால் மாதிரியே வலது பக்கம் நோவதும் உண்டு, அது சில நாளில் தானாகத் தணியும். சிறுநீர்த் தொற்று, சிறுமிகளுக்கு அதிகம். காலிலும் பிட்டத்திலும் செந்நிறப் புள்ளிகள் வந்து மூட்டும் வயிறும் சேர்ந்து நொந்தால் அது இரத்தக் குழாய் அழற்சி ஒன்றின் அடையாளம், உடனே காட்டுங்கள்.

எல்லாவற்றிலும் தவறவிடக் கூடாதது நீரிழிவு. சில வாரமாக அளவுக்கு மீறித் தாகம், இரவில் எழும்பிச் சலம் போதல், மெலிவு. பிறகு ஒருநாள் திடீர் வயிற்றுவலி, சத்தி, ஆழமாக இழுத்து மூச்சு வாங்குதல். வீட்டில் வயிற்றுக் கோளாறு என்று நினைப்பார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எதையோ விழுங்கியிருப்பான் என்று சந்தேகம்.

பொத்தான் பற்றரி, காந்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. பற்றரி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணித்தியாலத்திலேயே சுட்டுப் புண்ணாக்கும். மண்ணெண்ணெய் குடித்த பிள்ளையைச் சத்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வேலியில் நிற்கும் காட்டாமணக்கு விதையைக் கச்சான் மாதிரி ருசிக்கிறது என்று கூட்டமாகத் தின்றுவிட்டு, வகுப்பே சத்தி எடுத்து வருவார்கள். மஞ்சள் அலரி விதை இதயத்துடிப்பையே குலைக்கும். விதையையோ இலையையோ கையோடு கொண்டுவாருங்கள்.

சைக்கிளால் விழுந்தான். வெளியில் காயமில்லை, மறுநாள் வயிறு நோகிறது.

காட்டுங்கள். கைபிடி வயிற்றில் குத்தினால் தோலில் சிறு சிராய்ப்பு மட்டும் இருக்கும், உள்ளே மண்ணீரலோ கணையமோ கிழிந்திருக்கும். இடது தோள் நோகிறது என்றால் இன்னும் அவசரம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் நோர்மல் என்றார்கள், ஆனாலும் வார்டில் நிறுத்திவிட்டார்கள். ஏன்?

ஸ்கேனில் குடல்வால் தெளிவாகத் தெரிந்து, அது நன்றாக இருக்கிறது என்பது ஒன்று. குடல்வால் கண்ணில் படவில்லை என்பது இன்னொன்று. ரிப்போட்டில் எது எழுதியிருக்கிறது என்று டொக்டரிடம் கேளுங்கள். நோயின் முதல் மணித்தியாலங்களில் இரத்தமும் ஸ்கேனும் சரியாக இருப்பது சாதாரணம். அதனால்தான் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை, முடிந்தால் ஒரே டொக்டர், வயிற்றைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பதுபோல் தெரியும். உண்மையில் அந்தக் காத்திருப்புத்தான் பரிசோதனை. எங்கள் வார்டில் மிகவும் மனம் நொந்த நேரங்கள், கையெழுத்து வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் அடுத்த நாள் திரும்பி வந்த நேரங்கள்தான். சீ.ரி. ஸ்கேன் ஏன் எடுக்கவில்லை என்றும் கேட்பார்கள். கதிர்வீச்சு இருப்பதால் பிள்ளைகளுக்கு அதை முதலில் எடுப்பதில்லை.

பள்ளிக்கூடம் உள்ள நாளில் மட்டும் காலையில் வயிறு நோகிறது. நடிப்பா?

இல்லை. வலி உண்மை. மனம் பதறினால் குடல் இறுகுவது எல்லோருக்கும் நடப்பதுதான். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இப்படி நிறைய வருவார்கள். எடை குறையவில்லை, இரவில் எழுப்பவில்லை, சத்தியோ இரத்தமோ இல்லை என்றால் உடல் நோய்க்கு வாய்ப்புக் குறைவு. ஆனாலும் ஒருமுறை டொக்டரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். பிறகு, குறுக்கு விசாரணை போலில்லாமல், சும்மா கூட நடக்கும்போது கேளுங்கள்: யாராவது அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா, தொடுகிறார்களா? அப்படி ஏதாவது வெளிவந்தால் சிறுவர் உதவிக்கான 1929 இலக்கம் இருக்கிறது.

குடல்வால் எடுத்த பிள்ளை எப்போது பள்ளிக்கூடம் போகலாம்?

வெடிக்காமல் எடுத்திருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் ஒன்று இரண்டு வாரத்தில் போய்விடுவார்கள். புத்தகப் பையை முதல் வாரங்களில் நீங்கள் தூக்குங்கள். ஓட்டம், சைக்கிள், கடல் குளிப்பு எல்லாம் கிளினிக்கில் காயத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு. வெடித்து எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நாள் பிடிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், வயிறு வீங்கிச் சத்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதிவரை இருக்காமல் அன்றைக்கே வார்டுக்குக் கூட்டிவாருங்கள்.